பேணுவோரையும் பேணுவோம்



இரவு இரண்டு மணி. மும்பை நகரின் செம்பூர்ப் பகுதியில் மூன்றாம் மாடியில் இரண்டு அறைகள் கொண்ட ஒரு சிறு வீடு. எண்பத்தொரு வயதுடைய மூதாட்டி ஒருவர் படுக்கையில் எழுந்து அமர்ந்து, தம் அன்னையைக் கூவி அழைக்கிறார். அந்த அன்னை மறைந்து ஐம்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. "ஊருக்குப் போகணும், வண்டி வந்தாச்சா?" என்று கேட்கிறார். ஊர் என்பது திருநெல்வேலிச் சீமையில் நாசரேத்துக்கு அருகிலுள்ள சிற்றூர். ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை அதே கேள்வி எழுகிறது. நான்காம் முறை மகன் பொறுமையுடன் விடை கூறுகிறான். பத்தாம் முறை மருமகள் எழுந்து வந்து தண்ணீர் கொடுக்கிறாள். இருபதாம் முறை அந்த வீட்டிலிருந்து ஓர் உரத்த அதட்டல் எழுகிறது. மூதாட்டி அஞ்சி ஒடுங்கிப் போகிறார். சிறிது நேரத்தில் அவர் உறங்கிவிடுகிறார். அதட்டியவர்க்கு உறக்கம் வருவதில்லை.

அந்த வீடு எங்கள் வீடு. அதட்டியவர்களும் நாங்களே. மறதி நோயுற்ற எங்கள் அன்னையை ஆறு ஆண்டுகள் அவ்வீட்டில் வைத்துப் பேணினோம். அவ்வாறு ஆண்டுகளில் கற்றவற்றையும் கற்கத் தவறியவற்றையும் நேயர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இரக்கம் தேடி இதனை எழுதவில்லை. பெங்களூரிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் ஜாம்ஷெட்பூரிலும் வாழும் எத்தனையோ தமிழ் இல்லங்களில் இதே இரவு இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. சில இல்லங்களில் பக்கவாதத்தால் படுத்த தந்தை இருப்பார். சிலவற்றில் பிறவியிலேயே ஊனமுற்ற மகன். சிலவற்றில் மனநோயால் வருந்தும் உடன்பிறந்தாள். நோய்கள் வேறு, பேணுவோரின் களைப்பு ஒன்றே.

கிறிஸ்தவ இல்லங்களில் இத்தகையோருக்குப் பெரும்பாலும் இரண்டு விதமான ஆறுதல் மொழிகள் கூறப்படுகின்றன. "இது உங்கள் சிலுவை, பொறுமையாகச் சுமந்துகொள்ளுங்கள்" என்பது ஒன்று. "இன்னும் உறுதியாக ஜெபியுங்கள், சுகம் கிடைக்கும்" என்பது மற்றொன்று. சொல்வோர் நல்லெண்ணத்துடனேயே சொல்கின்றனர். ஆயினும் இரண்டும் பாதி உண்மைகளே. முதலாவது, பேணுபவரின் வாயை அடைக்கிறது. இரண்டாவது, நோய் தீராதபோது குற்றத்தை அவர் தலையிலேயே ஏற்றிவிடுகிறது. வேதம் கூறுவதை முழுமையாக நோக்கினால், அது வேறொன்றையும் வற்புறுத்துவதைக் காணலாம். அன்பின் சுமை ஒருவரே தாங்குவதற்கென்று வைக்கப்பட்டதன்று. சுமப்பவரும் பேணப்பட வேண்டியவரே. இதனை விளக்குவதற்கு முன், அச்சுமையின் இயல்பைச் சற்று ஆராய்வோம்.

சில வாரங்கள் நீடிக்கும் காய்ச்சலுக்குப் பணிவிடை செய்வது ஒரு வகை. முடிவு தெரியாத நோய்க்குப் பல்லாண்டுகள் பணிவிடை செய்வது முற்றிலும் வேறு வகை. முதலாவதில் நம் உழைப்புக்குப் பலன் கண்முன் தெரியும். இரண்டாவதில், நாம் எவ்வளவு உழைத்தாலும் நோயாளி சென்ற ஆண்டினும் இவ்வாண்டு சற்றுத் தளர்ந்தே இருப்பார். உழைப்பு தோற்பது போன்ற இவ்வுணர்வே பேணுவோரை முதலில் உடைக்கிறது. அமெரிக்காவில் நான்சி மேஸ், பீட்டர் ராபின்ஸ் என்னும் இருவர் 1981-ஆம் ஆண்டில், மறதி நோயுற்றோரின் குடும்பத்தாருக்காக ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டனர். அதற்கு அவர்கள் 'முப்பத்தாறு மணி நேர நாள்' என்று பெயரிட்டனர். அப்பெயரைக் கேட்ட மாத்திரத்தில், விளக்கம் தேவையின்றி எங்களுக்குப் பொருள் விளங்கிற்று.

அதற்கு ஓராண்டு முன்னதாக, 1980-இல், ஸ்டீவன் ஸாரிட் என்னும் உளவியல் அறிஞரும் அவருடன் ஆய்ந்தோரும் பேணுவோரின் சுமையை அளப்பதற்கென்று 29 வினாக்கள் கொண்ட ஒரு பட்டியலை வகுத்தனர். பின்னர் அது 22 வினாக்களாகச் சுருங்கி, பல நாடுகளில் வழங்குகிறது. உடல்நலம் கெட்டதா, நண்பர்கள் விலகினரா, பணம் போதவில்லையா, சினம் வருகிறதா என்பன போன்றவற்றை அது கேட்கிறது. நோயாளியை அளந்து வந்த மருத்துவ உலகம், கட்டிலின் அருகில் நிற்பவரையும் அளக்க வேண்டும் என்று உணர்ந்ததே இதன் சிறப்பு.

நம் நாட்டில் இது சிலருக்கு மட்டும் நேரும் துன்பமன்று. 2023-இல் வெளியான ஒரு விரிவான ஆய்வு, 60 வயதுக்கு மேற்பட்ட இந்தியருள் நூற்றுக்கு ஏழு பேருக்குச் சற்று அதிகமானோர், ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதி நோயுடன் வாழ்கின்றனர் என மதிப்பிட்டது. இவர்களுள் மிகப் பெரும்பாலோர் மருத்துவமனைகளில் இல்லை. தத்தம் வீடுகளில் இருக்கின்றனர். ஒவ்வொரு கட்டிலுக்கும் அருகில் ஒரு மனைவியோ மகளோ மருமகளோ இருக்கிறார். ஊரில் இருந்தால் அத்தையும் சித்தியும் பக்கத்துத் தெரு மைனியும் மாறி மாறி வந்து அமர்வார்கள். அயல் மாநிலத்தில் அந்த வரிசை இல்லை. கணவன், மனைவி என இருவரே எல்லா உறவினரின் இடத்தையும் நிரப்ப வேண்டியுள்ளது.

இனி வேதத்தைக் காண்போம். எலியா தீர்க்கதரிசியின் வரலாற்றை நாம் சிறுவயது முதல் அறிவோம். கர்மேல் மலையில் பெரும் வெற்றி கண்டவர் அவர். ஆனால் அடுத்த அதிகாரத்திலேயே, யேசபேல் அரசியின் மிரட்டலுக்கு அஞ்சி வனாந்தரத்திற்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் அமர்ந்து, 'போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும்' என்னும் பொருள்பட வேண்டுகிறார். இறைவன் அவருக்கு என்ன செய்தார்? கடிந்துகொண்டாரா? விசுவாசம் குன்றியதென்று உபதேசம் செய்தாரா? இல்லை. முதலில் எலியா உறங்கினார். ஒரு தூதன் வந்து தொட்டு எழுப்பி, தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் காட்டினான். உண்டார், மீண்டும் உறங்கினார். இரண்டாம் முறையும் தூதன் எழுப்பி, பயணம் நெடிது என்று சொல்லி உண்பித்தான். உபதேசமும் புதிய பணியும் பின்னரே வந்தன. உறக்கமும் உணவுமே முதல் மருந்து. களைத்துச் சாக விரும்பும் ஒருவருக்குப் பரலோகமே இவ்வாறு பணிவிடை செய்ததென்றால், மூன்று இரவு உறங்காத ஒரு மருமகள் பிற்பகலில் ஒரு மணி நேரம் படுத்துறங்குவதைக் குறை கூற யாருக்கு உரிமை உண்டு?

மோசேயின் வரலாற்றிலும் இவ்வுண்மை இருமுறை வருகிறது. அமலேக்கியருடன் போர் நடந்தபோது மோசேயின் கைகள் உயர்ந்திருக்கும்வரை இஸ்ரவேலர் வென்றனர். ஆனால் அவர் கைகள் தளர்ந்தன. ஆரோனும், ஊர் என்னும் பெயருடைய மற்றொருவரும் ஒரு கல்லைக் கொண்டுவந்து அவரை அமரச் செய்து, ஆளுக்கொரு பக்கம் நின்று, பொழுது சாயும்வரை கைகளைத் தாங்கிக்கொண்டனர். அடுத்த அதிகாரத்தில் மாமனார் எத்திரோ வருகிறார். காலை முதல் மாலை வரை மருமகன் ஒருவரே மக்கள் வழக்குகளைக் கேட்பதைப் பார்த்து, இது நல்லதன்று, நீரும் களைத்துப் போவீர், மக்களும் களைத்துப் போவர் என்று எச்சரித்து, பணியைப் பலரிடம் பகிர்ந்தளிக்கச் சொல்கிறார். மோசே அதனைக் கேட்டு நடந்தார். 'என் அன்னைக்கு என் கையால் ஊட்டினால்தான் இறங்கும்' என்று பிடிவாதமாக இருந்த எங்களுக்கு, எத்திரோவின் அறிவுரை ஓர் உறவினரின் கண்டிப்பு போலவே ஒலித்தது.

சிலுவையைச் சுமந்துகொள்ளுங்கள் என்பாரும் ஒன்றை நினைவுகூர வேண்டும். கல்வாரிக்குச் செல்லும் வழியில், இயேசுவின் சிலுவையைச் சுமப்பதற்கு வயலிலிருந்து வந்துகொண்டிருந்த சிரேனே ஊரானாகிய சீமோன் பிடிக்கப்பட்டான். மீட்பரின் சிலுவைக்கே வேறொரு தோள் தேவைப்பட்டது; அது இழுக்காகக் கருதப்படவில்லை. அதே நாளில் அவர் சிலுவையிலிருந்து தம் தாயை ஒரு சீடரின் பொறுப்பில் ஒப்படைத்தார் என்று யோவான் எழுதுகிறார். அச்சீடர் அந்நேரம் முதல் அவரைத் தம் வீட்டில் ஏற்றுக்கொண்டார். தம்மால் உடனிருக்க இயலாத நிலையில், தாய்க்கு வேறொருவரின் கையை ஏற்பாடு செய்வதும் மகனின் அன்பே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? பிழைப்புக்காக வடக்கே வந்து, ஊரில் தங்கிய பெற்றோரைத் தம்பியிடமோ தங்கையிடமோ விட்டுவிட்டு, ஒவ்வொரு தொலைபேசி அழைப்பின் பின்னும் மனம் குமுறும் அன்பர்கள் இக்காட்சியை நினைத்துப் பார்க்க வேண்டும்.

நல்ல சமாரியன் கதையில் நாம் பெரும்பாலும் கவனியாத ஒரு பகுதி உண்டு. அடிபட்டுக் கிடந்தவனின் காயங்களில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டி, தன் விலங்கின்மேல் ஏற்றி, விடுதிக்குக் கொண்டுசென்று சமாரியன் பேணினான். கதை அங்கே முடிவதில்லை. மறுநாள் அவன் இரண்டு வெள்ளிக்காசுகளை எடுத்து விடுதிக்காரனிடம் கொடுத்தான். ஒரு காசு அக்காலத்தில் ஒரு தொழிலாளியின் ஒரு நாள் கூலி. இவனைப் பார்த்துக்கொள், மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்று சொல்லித் தன் வழியே போனான். போனான் என்பதற்காக அவனை யாரும் குறை கூறவில்லை. அவனையே முன்மாதிரியாக இயேசு காட்டினார். அன்பு, பேணுதலையும் ஒப்படைத்தலையும் ஒருங்கே அறிந்திருந்தது. அவ்வாறே பெயரறியாத அந்த விடுதிக்காரனும் அந்த அன்பில் பங்கு பெற்றான்.

இக்கருத்து ஏட்டில் மட்டும் நின்றுவிடவில்லை. ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த துறவி பெனடிக்ட், தமிழ்க் கத்தோலிக்கர் ஆசீர்வாதப்பர் என்று வழங்குபவர், தம் மடங்களுக்கு ஓர் ஒழுங்கு நூல் வகுத்தார். அதில் நோயாளரைப் பேணுவது எல்லாவற்றிலும் முந்திய கடமை என்றும், கிறிஸ்துவுக்கே செய்வது போலச் செய்ய வேண்டும் என்றும் விதித்தார். அதே பகுதியில், நோயுற்றோரும் மிதமிஞ்சிய கோரிக்கைகளால் தமக்குப் பணிசெய்வோரை வருத்தலாகாது என்றும் சேர்த்தார். அதற்கு முந்திய பகுதி இன்னும் வியப்பானது. சமையலறைப் பணி வாரந்தோறும் முறை மாறி வரவேண்டும். பரிமாறுவோர்க்கு உணவு வேளைக்கு முன்னரே வழக்கமான அளவுக்கு மேல் சிறிது அப்பமும் பானமும் கொடுக்கப்பட வேண்டும். அப்போதுதான் முணுமுணுப்பும் பெருங்களைப்பும் இன்றி அவர்கள் பணிசெய்வர் என்றார். துறவியரிடையேயும் பசித்தவன் முணுமுணுப்பான் என்பதை அவர் அறிந்திருந்தார். அதனை உபதேசத்தால் அடக்க முயலாமல், அப்பத்தால் தீர்த்தார்.

நம் காலத்திலும் இவ்வழி தொடர்கிறது. செவிலியாகவும், சமூகப் பணியாளராகவும், பின்னர் மருத்துவராகவும் பயின்ற சிசிலி சாண்டர்ஸ் என்னும் கிறிஸ்தவப் பெண்மணி, 1967-இல் இலண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கினார். தீரா நோயாளரின் வலியைத் தணிக்கும் அவ்வில்லம், அவர்தம் குடும்பத்தாரையும் பேணப்பட வேண்டியவராகவே கருதிற்று. நம் நாட்டில் 1986-இல் மும்பையின் பாந்த்ராவில் சாந்தி அவேத்னா இல்லம் தோன்றியது. கேரளத்தின் கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய வலி தணிப்புப் பணி, பின்னர் அக்கம்பக்கத்துத் தொண்டர்கள் வீடு தேடிச் செல்லும் பெரும் இயக்கமாக வளர்ந்தது. அதில் எல்லாச் சமயத்தாரும் கைகோத்துள்ளனர்.

அயல் மாநிலத் தமிழருக்குத் தனியாக ஒன்று கூற வேண்டும். மறதி நோய் முற்றும்போது, பின்னாளில் கற்ற மொழிகள் முதலில் நழுவுவதும், தாய்மொழி நெடுநாள் நிற்பதும் பலரிடம் காணப்படுகின்றன. எங்கள் அன்னை முப்பது ஆண்டுகள் மும்பைக் கடைத்தெருவில் இந்தியில் பேரம் பேசியவர். நோய் வந்த மூன்றாம் ஆண்டில் அம்மொழி அவரை விட்டு முற்றிலும் போய்விட்டது. பகலில் உதவிக்கு வந்த மராட்டியப் பணிப்பெண் அன்புள்ளவர். ஆயினும் அன்னை 'தாகம்' என்றால் அவருக்குப் புரியவில்லை, அவர் 'பாணி' என்றால் அன்னைக்குப் புரியவில்லை. பல நாள் இதனை முரட்டுப் பிடிவாதமென்று இருவரும் ஒருவரையொருவர் தவறாக எண்ணினர். முடிவில் தண்ணீர், பசி, வலி, குளிர், தூக்கம், கழிவறை, பயப்படாதீங்க என்பன போன்ற பதினைந்து தமிழ்ச் சொற்களைத் தேவநாகரி எழுத்தில் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டினோம். ஒரே வாரத்தில் வீட்டில் அமைதி பிறந்தது. வேற்று மொழியாரைப் பணிக்கு அமர்த்தும் ஒவ்வொரு குடும்பமும் முதல் நாளே இதனைச் செய்துவிடலாம்.

பாட்டும் அத்தகையதே. பெயர்களும் முகங்களும் மறந்த பின்னும், இளமையில் பாடிய பாடல்கள் பலருக்கு நினைவில் தங்குகின்றன. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) இயற்றிய கீர்த்தனைகள் இன்றும் தமிழ்ச் சபைகளில் பாடப்படுகின்றன. அவற்றுள் ஒன்றை நாங்கள் மாலையில் மெல்லப் பாடத் தொடங்கினால், மகனின் பெயரை மறந்த அன்னை இரண்டாம் அடியைத் தாமே எடுப்பார். மாலை வேளையில் மிகும் கலக்கம் அந்த அரைமணி நேரம் அடங்கும். இரவில் ஊருக்குப் போக வேண்டுமென்று கேட்டபோதும், ஊர் இங்கில்லை என்று வாதாடுவதைப் பின்னர் விட்டுவிட்டோம். "உங்க ஊர்க் கோவில் மணி எப்படி அடிக்கும், அம்மா?" என்று கேட்போம். அவர் சொல்லத் தொடங்குவார், அச்சம் தணியும். அவர் வேண்டியது வண்டியன்று. அச்சமற்ற ஓர் இடமே என்பதை உணர எங்களுக்கு மூன்று ஆண்டுகள் ஆயின.

இனிக் குற்றவுணர்வைப் பற்றிச் சில சொற்கள். நீண்ட காலம் பேணுவோரின் உள்ளத்தில் வெளியே சொல்ல முடியாத எண்ணங்கள் எழுவதுண்டு. 'இது எப்போது முடியும்?' என்று எண்ணாதவர் அரியர். அவ்வெண்ணம் எழுந்தவுடன், தாயின் மரணத்தை விரும்பிவிட்டோமோ என்று நடுங்குகின்றனர். பெரும்பாலும் அவர்கள் விரும்புவது துன்பத்தின் முடிவையே. தாயின் முடிவை அன்று. மேலும், நோயாளி உயிருடன் இருக்கும்போதே அவரை இழந்துவிட்ட துக்கமும் அவர்களுக்கு உண்டு. பாலின் பாஸ் என்னும் அறிஞர் 1999-இல் இதனைப் பற்றித் தனி நூலே எழுதினார். ஆள் இருக்கிறார், ஆனால் அவர் இல்லை. இவ்வகை இழப்புக்கு அடக்க ஆராதனை இல்லை, துக்கம் கேட்க வருவாரும் இல்லை. சங்கீதப் புத்தகத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்களே என்பதை இங்கே நினைக்க வேண்டும். 88-ஆம் சங்கீதம் நம்பிக்கைச் சொல் ஒன்றும் இன்றி இருளிலேயே முடிகிறது. அதனையும் ஜெபமாகவே நம் முன்னோர் காத்துத் தந்தனர். ஆதலால், இறைவன் முன் அழுவதும் முறையிடுவதும் விசுவாசக் குறைவல்ல.

அதட்டிய அந்த இரவுக்கு வருவோம். மறுநாள் காலையில் அன்னை எல்லாவற்றையும் மறந்து எங்களைப் பார்த்துச் சிரித்தார். எங்களால் மறக்க முடியவில்லை. அப்போது எங்களுக்குத் துணை நின்றது பேதுருவின் வரலாறு. குளிர்காய்ந்த நெருப்பருகே மும்முறை மறுதலித்த அவரிடம், மற்றொரு நெருப்பருகே, கடற்கரையில், மும்முறை அன்பு இருக்கிறதா என்று கேட்கப்பட்டது. பின்னர் ஆடுகளை மேய்க்கும் பணி அவரிடமே ஒப்படைக்கப்பட்டது. தவறியவரிடமிருந்து பணி பறிக்கப்படவில்லை. நாங்கள் அன்னையின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டோம். எதற்கென்று அவருக்குத் தெரியவில்லை. பின்னர்க் காலைக் கஞ்சியை ஊட்டினோம்.

ஆயினும், மன்னிப்பு என்பது ஆபத்தைக் காணாதிருப்பதற்குக் காரணமாகக் கூடாது. குரல் நாள்தோறும் உயர்கிறதென்றால், கை முரட்டுத்தனமாகப் படுகிறதென்றால், அது எச்சரிக்கை மணி. நோயாளியைப் பாதுகாப்பாக அமர்த்திவிட்டு உடனே அறைக்கு வெளியே செல்ல வேண்டும். வேறொருவரை அழைக்க வேண்டும். பேணுபவர்க்குத் தொடர்ந்து உறக்கமின்மை, காரணமற்ற அழுகை, தம் மருந்துகளையே மறத்தல், வாழ்வில் வெறுப்பு ஆகியவை காணப்பட்டால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய மனநல உதவி எண் 14416. அதில் தமிழிலும் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் ஒரு கணமும் தாமதியாமல் அவ்வெண்ணை அழைக்க வேண்டும். முதியோர்க்கான தேசிய உதவி எண் 14567. மறதி நோயுற்றோரின் குடும்பங்களுக்கு உதவ 1992-இல் கொச்சியில் தோன்றிய இந்திய அல்ஸைமர் நோய்ச் சங்கம் பல நகரங்களில் கிளைகள் கொண்டுள்ளது. ஜெபிப்பவர் மருத்துவரை நாடுவது நம்பிக்கையின்மை அன்று. எலியா ஜெபித்தார், அடையையும் உண்டார்.

இறுதியாக, நோயற்ற இல்லத்தாருக்கும் சபையாருக்கும் ஒரு வேண்டுகோள். திமிர்வாதக்காரன் ஒருவனை நால்வர் சுமந்து வந்து, கூரையைப் பிரித்து இயேசுவின் முன் இறக்கினர் என்று மாற்கு கூறுகிறார். இயேசு அந்த நால்வரின் விசுவாசத்தையும் கண்டார். கட்டிலுக்கு நான்கு மூலைகள் உண்டு. உங்கள் சபையில், அல்லது உங்கள் குடியிருப்பில், இரண்டு மூலைகளைப் பிடித்துக்கொண்டு இருவர் தள்ளாடிக்கொண்டிருப்பர். எஞ்சிய இரண்டு மூலைகள் உங்களுக்காகக் காத்திருக்கின்றன.

அங்கே சென்று அறிவுரை கூற வேண்டாம். வேறொருவர் எவ்வாறு சுகம் பெற்றார் என்ற கதையும் வேண்டாம். "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று கூறிவிட்டு வருவதும் பயனற்றது, களைத்தவர் சொல்லமாட்டார். நாளையும் நேரத்தையும் நீங்களே குறித்துச் சொல்லுங்கள். எங்கள் அடுத்த வீட்டில் வாழ்ந்த மராட்டிய மூதாட்டியை எங்கள் பிள்ளைகள் மாவுஷி என்று அழைப்பர். அவர் கிறிஸ்தவர் அல்லர், தமிழும் அறியார். ஒரு நாள் அவர் வாசலில் நின்று, வியாழக்கிழமைதோறும் மாலை நான்கு முதல் ஆறு மணி வரை தாம் வந்து அமர்வதாகவும், நாங்கள் இருவரும் வெளியே போய்வர வேண்டும் என்றும் கட்டளை போலக் கூறினார். முதல் வியாழக்கிழமை நாங்கள் தெருமுனை வரை சென்று, என்ன செய்வதென்று அறியாமல், ஒரு கடையில் தேநீர் குடித்துவிட்டு அரைமணி நேரத்தில் திரும்பிவிட்டோம். மாவுஷி எங்களைக் கடிந்து மீண்டும் அனுப்பினார். அதன்பின் நான்கு ஆண்டுகள், மழைக்காலத்திலும் தவறாமல் அவர் வந்தார். சுவரில் ஒட்டிய பதினைந்து சொற்களில் அவர் கற்றது ஒன்றே: 'பயப்படாதீங்க'.

அன்னை இப்போது இல்லை. சனிக்கிழமைகளில் நாங்கள் வேறொரு வீட்டிற்குச் செல்கிறோம். அங்கே பக்கவாதத்தால் படுத்த ஒரு தகப்பனார் இருக்கிறார். நாங்கள் அவருக்குச் செய்தித்தாளைப் படித்துக் காட்டுகிறோம். அவர் மனைவி அந்த இரண்டு மணி நேரத்தில் சில நாள் சந்தைக்குப் போகிறார். சில நாள் ஆலயத்தில் தனியே அமர்கிறார். பெரும்பாலும் அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உறங்குகிறார்.

இதனைப் படிக்கும் அன்பர்களுக்கு அத்தகைய ஓர் இல்லம் நிச்சயம் தெரிந்திருக்கும். இவ்வாரத்திலேயே அங்கே சென்று ஒரு கிழமையையும் ஒரு மணியையும் சொல்லிவிட்டு வாருங்கள். இதனைப் படிக்கும் நீங்களே அக்கட்டிலின் அருகில் அமர்ந்திருப்பவராயின், யாரேனும் அவ்வாறு வந்து கேட்கும்போது 'வேண்டாம், நாங்களே பார்த்துக்கொள்கிறோம்' என்று சொல்லிவிடாதீர்கள்.